பஸ்ஸுக்கு அடியில் ஒரு பாடசாலை: ஜி.டி. நாயுடு

ஜி.டி. நாயுடுன்னு சொன்னதும் நம்மில் பலருக்கு டக்குனு ஒரு பட்டியல் வரும். ஜெர்மனி வரை பேர் வாங்கிய ரேசர். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார். 2,000 ரூபாய் கார். ஒரே நாளில் கட்டி முடித்த வீடு. அவினாசி ரோட்டில் இருக்கும் அவருடைய கண்காட்சியைப் பள்ளிக்கூட டூரில் வரிசையில் நின்று பார்த்தவங்க நம்ம கிளாஸிலேயே பாதிப் பேர் இருப்பாங்க.

அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் செய்து முடித்த பொருட்கள். மூணாங்கிளாஸைத் தாண்டாத ஒருத்தர் இதையெல்லாம் செய்யும் அளவுக்கு எங்கே தயாரானார்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் நாம் 1920-க்குப் போகணும். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்க்கணும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்க சஸ்பென்ஷன்னு நாலு யூனிட் படிக்கிறோமே, அதுதான் அவர் படித்த பாடம். அவர் அதை ரோட்டில் படித்தார்.

கலங்கலில் இருந்து ஒரு ரட்ஜ் வண்டி வரை

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. சூலூர் பக்கத்தில் இருக்கும் கலங்கல் கிராமம். அப்பா விவசாயி. பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா போய்விட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. வாத்தியார் மேல் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய கதையை இந்தப் பக்கம் பெரியவங்க இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாங்க. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கப்புறம் தோட்டத்து வேலை.

அப்படி இருந்த பையன் கண்ணில் ஒரு நாள் மோட்டார் சைக்கிள் பட்டது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடும் வண்டியைப் பார்த்த எல்லோரும் ஆச்சரியப்பட்டிருப்பாங்க. இவருக்கு ஆச்சரியத்தோடு நிற்கவில்லை. அது எப்படி ஓடுது என்று தெரிந்தே ஆகணும். ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூணு வருஷம் டேபிள் துடைத்துச் சேர்த்த காசில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் முதலில் செய்த வேலை, வண்டியை மொத்தமாகப் பிரித்துப் போட்டது. பிறகு திரும்பப் பூட்டினார். இதைக் கேட்கும்போது குறும்பு மாதிரி தெரியும். யோசித்துப் பாருங்க: மேனுவல் கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது, பூட்டும்போது ஒரு வாஷர் மிஞ்சினால் யாரிடமும் கேட்க முடியாது. மூணு வருஷச் சம்பளம் தரையில் துண்டு துண்டாகக் கிடக்குது. அந்த நிலைமையில் கைக்கு வரும் கவனம் வேறு.

அதன் பிறகு மெக்கானிக் வேலை, திருப்பூரில் பருத்தி அரவை, பஞ்சு வியாபாரம் என்று போனார். பணம் வந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய் போய்ப் பெரிய பஞ்சு வியாபாரிகளோடு மோதி, கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார். மறுபடி பூஜ்யம். அந்த நேரத்தில் அவர் மேல் நம்பிக்கை வைத்தவர் கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 8,000 ரூபாய் பஸ் ஒன்றை வாங்க 4,000 ரூபாயை அவர் கொடுத்து உதவினார். 1920-ல் அந்த ஒற்றை பஸ்ஸை நாயுடு தானே ஓட்டத் தொடங்கினார். ரூட்: பொள்ளாச்சி – பழனி.

மொட்டை வண்டியும் வில்வண்டியும்

அந்த ரூட்டைப் புரிந்துகொள்ள, அன்றைக்கு அதில் ஓடியவை என்ன என்று பார்க்கணும். கொங்கு நாட்டில் சுமை ஏற்ற மொட்டை வண்டி. மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா. அச்சின் மேலேயே வண்டியின் சட்டம் உட்கார்ந்திருக்கும். நடுவில் எதுவும் கிடையாது. சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அச்சு, சட்டம், மூட்டை, ஓட்டுறவர் எல்லாம் சேர்ந்து ஏறணும். இறங்கும்போது எல்லாம் சேர்ந்து விழணும். அந்த அடி முழுக்க மாட்டின் கழுத்துக்கும் நம்ம முதுகுக்கும் போகும்.

வசதியான குடும்பங்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக வேறு ஒரு வண்டி வைத்திருந்தாங்க: வில்வண்டி. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்த வண்டி. அந்த வில்தான் லீஃப் ஸ்பிரிங். பாடப்புத்தகத்தில் அன்ஸ்ப்ரங் மாஸ் என்று வருவதை வில்வண்டி செய்த ஆசாரி பெயர் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார். கல்லில் ஏறும்போது சக்கரமும் அச்சும் மட்டும் மேலே போகட்டும், பெட்டி அதன் பாட்டுக்கு இருக்கட்டும் என்பதுதான் மொத்த விஷயமும். ஏறி இறங்கும் பாகத்தின் எடை குறையக் குறைய, மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அடி குறையும்.

ஆனால் வில்வண்டியில் ஏறுவது நாலைந்து பேர். பஸ்ஸில் ஏறுவது ஒரு கூட்டம், அதோடு கூரை மேல் மூட்டை. இங்கேதான் பிரச்சனை ஆரம்பம்.

அந்த ரோட்டில் என்ன நடக்கும்?

பொள்ளாச்சியில் இருந்து உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வழியாக அமராவதியைத் தாண்டிப் பழனி. 60 கிலோமீட்டருக்கு மேல். பொள்ளாச்சி–திண்டுக்கல் ரயில் பாதை வந்ததே 1928-ல்தான். அதுவரை இந்தப் பக்கத்துச் சந்தைக்காரர்களுக்கும் பழனி போகும் பக்தர்களுக்கும் மாட்டு வண்டி, கால்நடை, இல்லாவிட்டால் பஸ். தார் போட்ட ரோடு அன்றைக்கு அபூர்வம். சல்லியும் மண்ணும், மழை பெய்தால் மாட்டு வண்டிச் சக்கரம் கிழித்த பள்ளமும். இன்றைய பாஷையில் சொன்னால் முழுக்க ஆஃப்ரோடு.

அந்தக் காலத்து பஸ் எப்படி இருக்கும்? சேஸி கடல் கடந்து கப்பலில் வரும். பாடியை இங்கே மரத்தில் கட்டுவாங்க. சேஸியை வடிவமைத்தவன் மனதில் வைத்திருந்தது அவன் ஊர் ரோடு, அவன் ஊர்ச் சுமை. இங்கே அதன் மேல் ஏறுவது நம்ம ஊர்ச் சுமை. பல வண்டிகளில் ஷாக் அப்சார்பரே கிடையாது. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதில் கிடைக்கும் தடைதான் ஆட்டத்தை அடக்கும் ஒரே சாதனம்.

ஒரு பட்டை முறிந்தால் வண்டி சாயும். யு-போல்ட் தளர்ந்தால் பட்டைக் கட்டு நடுவில் ஆடும். பட்டையில் நடு போல்ட்டுக்காகப் போட்ட ஓட்டைதான் அதன் பலவீனமான இடம், அங்கேயே விரிசல் விடும். கொல்லுப்பட்டறையில் புதுப் பட்டை அடித்து வாங்கலாம். பழுக்கக் காய்ச்சி முக்கி எடுத்ததோடு விட்டால் அது கண்ணாடி மாதிரி முறியும். மறுபடி இதமாகச் சூடுபடுத்தி டெம்பர் பண்ணணும். ஒரிஜினல் ஸ்பேர் வேணும் என்றால் கப்பல் வரும் வரை வண்டி நிற்கும். வண்டி நின்றால் அன்றைய வசூல் போச்சு, கடன் மட்டும் நிற்காது.

ஒற்றை பஸ்ஸின் ஓட்டுநரும் முதலாளியும் ஒருத்தரே என்னும்போது இதில் எதையும் தள்ளிப்போட முடியாது. ஸ்டியரிங்கில் வரும் நடுக்கத்தை உணர்ந்த கையே வண்டிக்கு அடியில் போய் ஸ்பானர் பிடிக்கணும். நாயுடுவின் இன்ஜினியரிங் படிப்பு இதுதான்.

கொஞ்சம் கணக்கு போடலாமா?

நம்ம ஊர் டிராக்டர் டிரெய்லரையே எடுத்துக்குவோம். இரண்டு சக்கர டிரெய்லர்கள் நிறைய இன்றைக்கும் ஸ்பிரிங் இல்லாமல்தான் ஓடுது. அதில் ஒருவர் லீஃப் ஸ்பிரிங் போட்டு அப்கிரேடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமை ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு சென்டிமீட்டர் அமுங்குது என்று அளந்தால் போதும். 5-ஐ அந்த அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், வண்டி ஒரு விநாடிக்கு எத்தனை தடவை குதிக்கும் என்று தோராயமாகக் கிடைக்கும்.

ஸ்பிரிங் மேல் நிற்கும் எடை காலியாக 1 டன், சுமையோடு 5 டன் என்று வைங்க. காலியில் 1 செ.மீ. அமுங்கினால் சுமையில் 5 செ.மீ. அமுங்கும். கணக்குப்படி காலி வண்டி விநாடிக்கு 5 தடவை குதிக்கும், சுமை வண்டி 2.2 தடவை. மனிதருக்குச் சுகமாக இருப்பது 1-ல் இருந்து 1.5 வரை. காலி டிரெய்லர் ரோட்டில் தடதடவென்று துள்ளிப் போவதற்குக் காரணம் இதுதான்.

இப்போ நம்ம ஆட்கள் வழக்கமாகச் செய்யும் அப்கிரேடு என்ன? இன்னும் ஒரு பட்டை சேர்ப்பது. ஐந்து பட்டைக்கு ஆறு பட்டை. கடினம் 20 சதவீதம் கூடும், சுமை தாங்கும், சந்தோஷம். ஆனால் காலி வண்டி 5-க்குப் பதில் 5.5 தடவை துள்ளும். முன்னால் ஸ்பிரிங் முறிந்த இடத்தில் இனிமேல் சட்டத்தின் வெல்டிங் விடும், இல்லாவிட்டால் அச்சு வளையும். அடி எங்கேயும் காணாமல் போகாது, அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். பட்டையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் கடினம் எட்டு மடங்கு ஆகும் என்பதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

இதற்கு லாரி, பஸ்களில் கண்ட வழி ஹெல்பர் ஸ்பிரிங். காலியாக இருக்கும்போது சும்மா இருந்து, சுமை ஏறி வண்டி அமுங்கிய பிறகு மட்டும் தோள் கொடுக்கும் இரண்டாவது கட்டு. ஏர் சஸ்பென்ஷன் இதையே இன்னும் நன்றாகச் செய்யுது: சுமைக்குத் தகுந்தபடி காற்றழுத்தம் கூடுவதால் குதிக்கும் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஷாக் அப்சார்பர் சுமையைத் தாங்காது. அது ஆட்டத்தை மட்டும் அடக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஷாக்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

இந்தக் கணக்கு நமக்குக் கால்குலேட்டரில் ஒரு நிமிஷம். 1920-ல் ஒரு பஸ்காரருக்கு இது முறிந்த பட்டைகளின் எண்ணிக்கையாகத்தான் தெரியவரும். எங்கே முறிந்தது, எத்தனை நாளில் முறிந்தது, யார் ஓட்டும்போது முறிந்தது என்று கவனித்தவர் பிழைத்தார். கவனிக்காதவர் பஸ்ஸை விற்றார்.

ஒன்றில் இருந்து 280

நாயுடு பிழைத்தார் என்று சொன்னால் அது ரொம்பக் குறைச்சல். ஒற்றை பஸ் யு.எம்.எஸ். என்ற கம்பெனியாக வளர்ந்தது. 1933 வாக்கில் அதனிடம் 280 பஸ்கள் இருந்தன. நேரம் தவறாமைக்கு அந்தப் பெயர் கோவை ஜில்லாவில் அடையாளமாகிப் போனது.

280 பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவது என்பது டைம்டேபிள் எழுதும் வேலை இல்லைங்க. எந்த வண்டி எந்த நாளில் எதனால் நிற்கப் போகுது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் வேலை. அதற்குப் பட்டறை வேணும், அளவுகோல் வேணும், பதிவு வேணும், பழகிய ஆட்கள் வேணும். அவர் பெயரில் சொல்லப்படும் கருவிகளின் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால், புகழ்பெற்ற ரேசருக்கு நடுவே அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றும் இருக்கும். அதை யாரும் டூரில் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை. நடுங்கும் வண்டியோடு வருஷக்கணக்கில் வாழ்ந்த ஒருவருக்குத்தான் நடுக்கத்தை அளக்கணும் என்று தோன்றும்.

அதற்கப்புறம் வந்தவை எல்லாம் இந்தப் பட்டறையின் தொடர்ச்சி. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. எல்லா மோட்டாரும் வெளிநாட்டில் இருந்து வந்தவை. 1937-ல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூலைத் தொடங்கினார். இன்றைக்குக் கோவை பம்புசெட் ஊர் என்று பேர் வாங்கி இருப்பதற்குப் பின்னால் அந்த மோட்டார் இருக்கிறது. உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ரசந்த் ரேசர், 1941-ல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ, 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் என்று வரிசை நீண்டது. காருக்கு அரசு உற்பத்தி அனுமதி தரவில்லை. அது அதோடு நின்றது.

நாலு வருஷமா, ரெண்டு வருஷமா?

நம்மை நேராகத் தொடும் இடம் இது. 1945-ல் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் தொடங்கின. அன்றைய மதராஸ் கவர்னரின் பெயர் அது. அந்தக் கல்லூரிதான் பிறகு இடம் மாறி, தடாகம் ரோட்டில் இன்று நாம் ஜி.சி.டி. என்று கூப்பிடும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. அதன் பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தவர் மூணாங்கிளாஸ் படித்த துரைசாமி நாயுடு.

உட்கார்ந்ததும் சண்டை வந்தது. இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் எதற்கு, ரெண்டு வருஷத்தில் சொல்லித் தரலாம், மீதி வீண் என்பது அவர் கட்சி. ஆங்கிலேய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். தன் காசு போட்டு உருவான கல்லூரியை ஒரு கொள்கைக்காக விட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை.

அவர் சொன்னது சரியா? நாலாவது செமஸ்டரில் அரியர் எழுதும் யாரும் உடனே சரின்னு சொல்லிடுவாங்க. ஆனால் கொஞ்சம் பொறுங்க. மேலே நாம் போட்ட ஸ்பிரிங் கணக்கு பொள்ளாச்சி ரோட்டில் இருந்து மட்டும் வந்திருக்காது. அதற்கு நியூட்டனும் ஹூக்கும் வேணும், தியரி வேணும். பட்டை முறிந்துதான் ஒவ்வொன்றையும் கற்றுக்கணும் என்றால் அதற்கு ஒரு ஆயுள் பத்தாது, யாராவது ஒருவர் பஸ்ஸும் வாங்கித் தரணும். நாயுடுவைக் காட்டி, படிக்காமலே ஜெயிக்கலாம் என்று பேசுகிறவர்கள் அவர் ரோட்டில் படித்த அந்தப் பதிமூணு வருஷத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1920-ல் இருந்து 1933 வரை. நம்ம டிகிரியைவிட மூணு மடங்குக்கு மேல்.

ஆக, அவருடைய சண்டை வருஷக் கணக்கைப் பற்றி மட்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோணுது. கிளாஸ் ரூமில் நாலு வருஷம் உட்கார்ந்து, ஒரு தடவைகூட எதையும் பிரித்துப் பூட்டாமல் வெளியே வரும் இன்ஜினியரை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த இன்ஜினியர் இன்றைக்கும் வருஷா வருஷம் வெளியே வர்றார். அவர் நாமாகவும் இருக்கலாம்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். 1967-ல் அவர் தொடங்கிய தொழில் கண்காட்சி அவினாசி ரோட்டில் இன்றைக்கும் இருக்கிறது. போனால் பொருட்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீங்க. ஒவ்வொன்றுக்கும் முன்னால், இது பிரிந்து கிடந்தால் என்னால் பூட்ட முடியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

அதுவரைக்கும் ஒரு சின்ன வேலை. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு அளவு டேப் எடுத்துட்டுப் போங்க. லீஃப் ஸ்பிரிங் போட்ட டிரெய்லரோ மினி லாரியோ கட்டாயம் பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும். ஓனர்கிட்ட கேட்டுட்டு, காலியாக இருக்கும்போது அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்க. தேங்காயோ மஞ்சளோ ஏற்றின பிறகு மறுபடி அளங்க, ஏறிய எடையையும் கேட்டுக்குங்க. இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் குறைந்தது, எத்தனை கிலோவுக்குக் குறைந்தது என்பதோடு, காலியாக ஸ்பிரிங் மேல் நிற்கும் எடையும் தெரிந்தால், காலி வண்டிக்கும் சுமை வண்டிக்கும் எவ்வளவு அமுங்கும் என்று தனித்தனியாகக் கிடைத்துவிடும். 5-ஐ வர்க்கமூலத்தால் வகுங்க. வந்த எண்ணை வண்டி ஓட்டுறவரிடம் சொல்லி, காலியில் துள்ளுதா, எந்தப் பட்டை அடிக்கடி முறியுது என்று கேளுங்க. அவர் சொல்லும் பதில் நம்ம சிலபஸில் இருக்காது. நோட்டில் குறிச்சுக்குங்க.